எல்லை மலைகளை மேலிருந்து வரைவோர் அறிய வேண்டியவை

2022 ஜூன் 3 அன்று, கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. பாதுகாக்கப்பட்ட காடுகளைச் சுற்றிக் குறைந்தது ஒரு கிலோமீட்டர் அகலத்துக்குச் சூழல் உணர்திறன் மண்டலம் இருக்க வேண்டும். அதற்குள் ஏற்கெனவே உள்ள கட்டடங்களை மூன்று மாதத்துக்குள் பட்டியலிட வேண்டும். அதற்குச் செயற்கைக்கோள் படங்களையோ டிரோன் படங்களையோ துணைகொள்ளலாம் என்பது அதன் சாரம். கேரளத்தில் இந்தப் பணியை மாநிலத் தொலையுணர்வு மற்றும் சுற்றுச்சூழல் மையம் மேற்கொண்டது. அவ்வாண்டு டிசம்பரில் வெளியான முதல்நிலை அறிக்கையில் ஏறத்தாழ 49,000 கட்டடங்கள் இடம்பெற்றன. உடனே இடுக்கி உள்ளிட்ட மலையோரப் பகுதிகளின் ஊராட்சிகளில் முறையீடுகள் குவிந்தன. பெரும்பாலானவற்றின் உள்ளடக்கம் ஒன்றே: வீடு நிற்கிறது, பட்டியலில் இல்லை. நீதிபதி தோட்டத்தில் பி. ராதாகிருஷ்ணன் தலைமையிலான நிபுணர் குழுவின் கீழ் களச் சரிபார்ப்பு நடந்தபோது, படம் விட்டுவிட்ட பல்லாயிரம் கட்டடங்கள் வெளிப்பட்டன. 2023 ஏப்ரல் 26 அன்று நீதிமன்றம் தன் ஆணையின் கடுமையைத் தளர்த்தியது. ஆனால் இடைப்பட்ட மாதங்களில் மலைக்குடிகள் அடைந்த கலக்கத்துக்கு எந்தக் கணக்கும் இல்லை.

இந்நிகழ்வைத் தொழில்நுட்பத்தின் தோல்வி என்று சொல்வது எளிது. அது முழு உண்மையாகாது. படம் தன்னால் காட்ட இயன்றதைக் காட்டியது. அதனால் விடைசொல்ல முடியாத கேள்வியை அதனிடம் கேட்டதே பிழை. இன்று ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போன்ற பொது வரைபடத்தில் கல்லூரி மாணவர்களும் தன்னார்வலர்களும் இதே மலைகளை வரைகிறார்கள். ஆய்வாளர்கள் கியூஜிஐஎஸ் மென்பொருளில் இதே படங்களை விரித்துவைத்து முடிவுகளை எட்டுகிறார்கள். அவர்களின் கோடுகளும் ஒருநாள் யாரோ ஒருவரின் மனுவில் சான்றாகும். ஆகவே இந்தப் படங்களைப் படிக்கும் முறையைக் கற்பது பொழுதுபோக்குக் கலையாக இருக்க முடியாது.

முதலில் கேட்க வேண்டியது, படம் எப்போது எடுக்கப்பட்டது என்பது. தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஜூன் முதல் செப்டம்பர் வரை இடுக்கி மலைகள் பெரும்பாலும் மேகத்தின் கீழ் கிடக்கின்றன. மென்பொருளில் தெளிவாகத் தெரியும் படங்களில் பல, ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட மாதங்களில் எடுக்கப்பட்டவை. அந்த மாதங்களில் சிற்றோடைகள் வற்றிக் கல்லும் மணலுமாகத் தெரியும். வரைபவர் அவற்றை மண்பாதை என்று எண்ணிவிடுவார். பாலக்காட்டின் கிழக்கோரத்தில், சிற்றூர் வட்டத்தில், அறுவடை முடிந்த வயலும் தரிசும் ஒரே நிறமாகிவிடும். எஸ்ரி, பிங் போன்றவற்றின் படங்கள் பல நாள்களில் எடுத்த துண்டுகளைத் தைத்த கம்பளம் போன்றவை. ஒரே திரையில் இரண்டு ஆண்டுகள் அருகருகே இருக்கக்கூடும். ஒரே இடத்துக்கு இரண்டு மூன்று படமூலங்களை மாற்றி மாற்றிப் பார்ப்பதே இதற்கு மருந்து. சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கொருமுறை படம் தருகின்றன; பருவ மாற்றத்தை அறிய அவை பெரிதும் உதவும். ஆனால் அவற்றின் ஒரு படப்புள்ளி பத்து மீட்டர். சிறிய வீடு ஒன்று அந்தப் புள்ளிக்குள் மறைந்துபோகும்.

இரண்டாவது, படம் நிலத்தின் மேல் சரியாக அமர்ந்திருக்கிறதா என்பது. செயற்கைக்கோள் எப்போதும் நேர் கீழே பார்ப்பதில்லை, சாய்ந்தும் பார்க்கும். சாய்ந்த பார்வையைத் தட்டையான வரைபடமாக்க, நிலத்தின் உயர மாதிரி ஒன்று தேவை. அந்த மாதிரியில் உயரம் 50 மீட்டர் பிழைபட்டு, செயற்கைக்கோள் 30 பாகை சாய்ந்து பார்த்திருந்தால், தரையில் அந்த இடம் ஏறத்தாழ 29 மீட்டர் தள்ளிப்போகும். 2000ஆம் ஆண்டு விண்ணோடத்தின் ரேடார் அளவீட்டில் உருவான புகழ்பெற்ற உயர மாதிரி, அடர்காட்டில் தரையின் உயரத்தைத் தராமல் மரத்தலையை ஒட்டிய உயரத்தையே தருகிறது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். கொழிஞ்சாம்பாறையைச் சுற்றிய சமவெளியில் ஒருமுறை திருத்திய படம் பல கிலோமீட்டருக்குப் பொருந்தும். மூணாறு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மறையூர் ஏறத்தாழ 1,000 மீட்டரில். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சாலையில் ஒவ்வொரு சரிவுக்கும் திருத்தம் வேறுபடும். மலைமுகட்டில் சரியாக அமர்ந்த படம் பள்ளத்தாக்கில் விலகி நிற்கும்.

ஜேஓஎஸ்எம் முதலிய மென்பொருள்களில் படத்தை நகர்த்திப் பொருத்தும் வசதி உண்டு. எதனோடு பொருத்துவது என்பதே கேள்வி. ஒரேயொரு கைபேசியின் ஜிபிஎஸ் தடம் போதாது; மரநிழலிலும் ஆழ்ந்த பள்ளத்திலும் அதுவே தடுமாறும். பலர் பல நாளில் நடந்த தடங்களின் நடுவே செல்லும் கோடு நம்பத்தக்கது. பாலம், பள்ளி மைதானம், தேயிலைக்குள் வளையும் சாலை என வானம் திறந்த இடங்களில் பொருத்துவது நல்லது. ஏற்கெனவே களத்தில் அளந்து வரைந்த ஒன்றைப் படத்தோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காக நகர்த்துவது பெரும்பிழை. நடந்து அளந்தவரின் உழைப்பை, நாற்காலியில் அமர்ந்தவர் ஒரு சொடுக்கில் அழித்துவிடுவார்.

மூன்றாவது, ஒளியின் திசை. வறண்ட மாதங்களில் முற்பகலில் எடுத்த படத்தில் கதிரவன் தென்கிழக்கில் நிற்கும். நிழல் வடமேற்கில் விழும். மனிதக் கண்ணோ ஒளி மேலிருந்து வருவதாகவே எண்ணிப் பழகியது. வடக்கு மேலாக வைத்த படத்தில் இதனால் பள்ளம் முகடாகவும் முகடு பள்ளமாகவும் தோன்றும். இரவிகுளத்துக் குன்றுகளைப் புதிதாகப் பார்ப்பவர் பலர் இந்த மயக்கத்துக்கு ஆட்படக்கூடும். சமவுயரக் கோட்டு அடுக்கு ஒன்றைக் கீழே விரித்துக்கொண்டாலே மயக்கம் தெளியும். நீர் எங்கே சேர்கிறது என்று பார்ப்பது இன்னும் எளிய வழி.

நான்காவது, கூரை. படத்தில் தெரிவது கூரை; வரைய வேண்டியது அடித்தளம். சாய்ந்த படத்தில் உயர்ந்த கட்டடத்தின் கூரை ஒருபக்கம் தள்ளி நிற்கும். கூரையின் வடிவை வரைந்து, அதை அடித்தளத்துக்கு நகர்த்துவதே முறை. மலையில் இதைவிடப் பெரிய சிக்கல்கள் உண்டு. ஏலம் நிழலில் வளரும் பயிர். உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டம் மேலிருந்து காடாகவே தெரியும், அதற்குள் உள்ள வீடு தெரியாது. சிற்றூர் வட்டத்தின் தென்னந்தோப்பும் அப்படியே. வெயிலில் மின்னும் பாறை, தகரக் கூரையாகத் தோன்றும். நீலத் தார்ப்பாய், வீடா விறகுக் குவியலா என்பதைப் படம் சொல்லாது. தேயிலை மட்டும் ஏமாற்றுவதில்லை. சீவிய தலைபோல் கொழுந்தெடுப்போரின் நடைகோடுகள் அதில் தெளிவாக விழுந்திருக்கும்.

எல்லாவற்றிலும் கடினமானது லயன். 2020 ஆகஸ்ட் 6 இரவு, இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளரின் லயன் வரிசைகளை மூடியது. 70 பேர் மாண்டனர். அவர்களுள் மிகப் பலர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றுப் பக்கத்தை வேராகக் கொண்ட தமிழ்க் குடும்பத்தினர். தொலைத்தொடர்பு அறுந்திருந்ததால் செய்தி வெளியுலகை எட்டியதே மறுநாள் காலையில்தான். ஒரு லயனை மேலிருந்து பார்த்தால் ஒரு நீண்ட செவ்வகம் தெரியும். மென்பொருளில் அதை வரைபவர் ஒரு கட்டடம் என்று குறிப்பார். கட்டடத்தை எண்ணி மக்கள்தொகையை மதிப்பிடுபவர் ஒரு குடும்பம் என்று கொள்வார். அந்தச் செவ்வகத்துக்குள் அறைக்கொரு குடும்பம், விடுமுறைக்கு வந்த உறவினர் எனப் பலர் உறங்கியிருப்பர். மீட்புப் பணிக்கு வரைபடம் பயன்பட வேண்டுமானால், லயன் என்ற வகையும் அதன் கதவுகளின் எண்ணிக்கையும் வரைபடத்தில் ஏற வேண்டும். அந்த எண்ணிக்கையைத் தரையில் நிற்பவர் மட்டுமே தர முடியும்.

ஐந்தாவது, பெயர். எந்தச் செயற்கைக்கோளும் ஊர்ப்பெயரைப் படம்பிடிப்பதில்லை. முதுவர் தம் குடியிருப்பைக் குடி என்கின்றனர்; 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக உருவான இடமலக்குடியின் பெயரிலேயே அச்சொல் உண்டு. அட்டப்பாடியில் இருளரும் முடுகரும் குறும்பரும் வாழும் இடங்கள் ஊரு எனப்படுகின்றன. வட்டவடை, கோவிலூர், காந்தலூர்ப் பக்கம் தமிழ்ப் பெயர்கள் வழங்குகின்றன. 1949க்கு முன் பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்திலும், சிற்றூர் கொச்சியிலும், தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரிலும் இருந்தன. மூன்று ஆட்சிகளின் பதிவேடுகள் ஒரே பெயரை மூன்று விதமாக எழுதியிருந்தால் அதில் வியப்பில்லை. இன்று அதனினும் பெரிய இடர் ரோமன் எழுத்து. மறையூரின் றகரத்தையும் கொழிஞ்சாம்பாறையின் குறில் நெடிலையும் ரோமன் எழுத்து விழுங்கிவிடும். அதிலிருந்து எந்திரம் தமிழுக்கு மீட்கும் பெயர் ஊராருக்கே அடையாளம் தெரியாததாகிவிடும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒவ்வொரு மொழிக்கும் தனிப் பெயர்ப்புலம் உண்டு. மலையாளப் பெயரை அதன் புலத்திலும், தமிழ்ப் பெயரைத் தமிழ்ப் புலத்திலும், ஊரார் ஒலிப்பதைக் கேட்டு எழுத வேண்டும். பெயர் தெரியாத இடத்தைப் பெயரின்றி விடுவதே நேர்மை.

ஆறாவது, வரையக்கூடாதவை. கூகுள் படத்தைப் பார்த்துப் பொது வரைபடத்தில் வரைய அதன் பயன்பாட்டு விதிகள் இடந்தருவதில்லை. பிங் படத்துக்கு அந்த இசைவு உண்டு. உரிமத்தை அறியாமல் வரைந்த பணி பின்னால் மொத்தமாக நீக்கப்படும். இது சட்டத்தின் பக்கம். அறத்தின் பக்கம் வேறு. 2018 மார்ச் 11 அன்று, கொழுக்குமலைக்குக் கீழே தேனி மாவட்டக் குரங்கணி மலையில் காட்டுத்தீ மலையேறிகளைச் சூழ்ந்தது. 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எந்தப் பாதையில் யாருக்கு அனுமதி என்ற கேள்வி அதன்பின் பெரிதாக எழுந்தது. படத்தில் ஒற்றையடிப் பாதை தெரிகிறது என்பதாலேயே அது எல்லாரும் செல்லத்தக்க வழியாகிவிடாது. பாதையை வரைந்தால், அதன் அனுமதி நிலையையும் சேர்த்தே குறிக்க வேண்டும். பழங்குடியினர் வெளியாருக்குக் காட்ட விரும்பாத வழிபாட்டிடத்தை, படத்தில் தெரிந்தாலும், அவர்களைக் கேளாமல் குறிப்பது அத்துமீறல்.

இவ்வளவு தயக்கம் தேவையா என்று கேட்போர் உண்டு. அவர்களின் வாதத்தில் வலு இருக்கிறது. இடுக்கி போன்ற மாவட்டத்தை முழுதும் நடந்து அளப்பது நெடுங்காலப் பணி. படம் விரைவாகத் தருகிறது. கூகுளும் மைக்ரோசாப்டும் எந்திரக் கற்றல் வழியாகக் கட்டட உருவங்களைப் பிரித்தெடுத்து இலவசமாக வெளியிட்டுள்ளன. படம் கையூட்டு வாங்காது. அதற்கு வேண்டியவர் வேண்டாதவர் இல்லை. இவையெல்லாம் மெய்யே. ஆனால் படத்தின் பிழை எல்லார் மேலும் சமமாக விழுவதில்லை. நகரத்துக் கான்கிரீட் மாடி எந்தப் படத்திலும் தப்பாது. விடுபடுவது மரத்தடி ஓட்டுவீடு, பாறையோரத் தகரக் கொட்டகை, காட்டுக்குள் உள்ள குடி. சான்றும் பட்டாவும் மிகக் குறைவாக உள்ளவரே படத்திலிருந்தும் விடுபடுகிறார். ஆகவே படத்தை மட்டும் நம்பும் கணக்கு, நடுநிலையான தோற்றத்தோடு ஒருபக்கம் சாய்கிறது.

கேரளம் 2022 நவம்பர் 1 முதல் டிஜிட்டல் மறுநில அளவையை நடத்திவருகிறது. மத்திய அரசின் 2021 பிப்ரவரி வழிகாட்டு நெறிகளுக்குப் பின், இந்தியர்கள் வரைபடம் தயாரிப்பதற்கு இருந்த முன்னனுமதித் தடைகள் பெரும்பாலும் நீங்கிவிட்டன. கருவியும் உரிமையும் கைக்கு வந்த காலம் இது. இப்போது நிலைபெற வேண்டிய நடைமுறை ஒன்று உண்டு. செயற்கைக்கோள் படத்திலிருந்து எடுத்த எந்தக் கட்டடப் பட்டியலும், அதிகாரபூர்வமாவதற்கு முன் கிராமசபையில் வார்டு வாரியாக வாசிக்கப்பட வேண்டும். வட்டவடையிலும் மறையூரிலும் கொழிஞ்சாம்பாறையிலும் அது தமிழிலும் மலையாளத்திலும் வாசிக்கப்பட வேண்டும். குடிகளிலும் ஊருகளிலும் அவரவர் மொழியில் விளக்கப்பட வேண்டும். விடுபட்டதைச் சேர்க்கும் பொறுப்பு பட்டியல் தயாரித்தவருடையதாக இருக்க வேண்டும், விடுபட்டவருடையதாக அன்று. தன்னார்வலர்களும் தம் அளவில் இதைச் செய்யலாம். திரையில் வரைந்த ஒவ்வொன்றிலும், எந்தப் படம், எந்த ஆண்டு, களத்தில் பார்த்ததா இல்லையா என்ற மூன்றையும் எழுதிவைக்கலாம். அடுத்து அந்த மலைக்குச் செல்பவர் எங்கே நடந்து பார்க்க வேண்டும் என்பதை அக்குறிப்பே சொல்லிவிடும்.