மோட்டாரின்மேல் வீண்பழி

காரைக்காலில் அரசலாறு கடலொடு கலக்குமிடத்து வீசும் உப்புக்காற்று, பழைய கார்களின் பவர் விண்டோக்களைப் படுத்தும் பாட்டை யாம் நன்கறிவோம். ஐப்பசி மழையிற் பொத்தானை அழுத்தினால், கண்ணாடி ஊர்ந்து மேலேறுமுன் இருக்கை நனைந்துவிடும். மோட்டார் போயிற்று, மாற்றுக என்பர் பழுதுபார்ப்போர். அஃது அவசரத் தீர்ப்பென்பதே எமது துணிபு. எம் அண்டைவீட்டு வாடகைக்கார் அன்பர் ஒருவர் பத்துநாள் வருவாயைக் கொடுத்துப் புதுமோட்டார் பூட்டினார்; கண்ணாடியோ தன் பழைய நடையை விட்டிலது!

ஏன்? கண்ணாடி ஓடும் ரப்பர்ப் பள்ளத்தில் உப்பும் மணலும் செறிந்திருந்தன. வெயிலில் விறைத்த ரப்பர் கண்ணாடியை இறுகப் பற்றியிருந்தது. கதவினுள்ளே ஏற்றுபொறியின் கிரீசும் உலர்ந்து கெட்டியாயிற்று. ஆதலின் முதற்கண் அப்பள்ளத்தை ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்தபின் சிலிக்கோன் ஸ்பிரே இடல் வேண்டும். எஞ்சின் எண்ணெய் இடுவாருமுளர். அது ரப்பரைக் கெடுத்துப் புழுதியையும் சேர்க்கும்.

பின்னும் மந்தமாயின், பொத்தானை அழுத்தியபடியே மோட்டாரின் முனைகளில் வோல்ட்மீட்டரை வைத்துப் பார்க்க. பாட்டரி 12 வோல்ட் தர, அங்கு 9 அல்லது 10 மட்டுமே எட்டுமாயின், களிம்பேறிய ஸ்விட்சையோ, கதவு திறந்து மூடுந்தோறும் வளைந்து தேயும் கம்பியையோ ஐயுறுக. இவையெல்லாம் செம்மையாயிருந்தும் கண்ணாடி ஊருமாயின், அப்பொழுது மோட்டாரை மாற்றுவதில் எமக்குத் தடையில்லை.