மாணிக்கத்தில் சூரியனாம், நீலத்தில் சனியாம்!

சனி பிடித்தவன் நீலக்கல் மோதிரம் போட வேண்டுமென்றும், சூரிய பலம் இல்லாதவன் மாணிக்கம் அணிய வேண்டுமென்றும் சோதிடர்கள் இன்றும் சொல்லிக்கொண்டுதான் வருகின்றார்கள். இதை நம்பிக் கறவை மாட்டை விற்றும், சங்கிலியை அடகு வைத்தும் கல் வாங்கும் ஏழைகளும் இருக்கின்றார்கள். ஆகவே, இக்கற்களின் யோக்கியதை என்னவென்று சற்று விசாரித்துப் பார்ப்போம்.

தோழர்களே! மாணிக்கமும் நீலமும் வெவ்வேறு கற்களே அல்ல. இரண்டும் குருந்தம் என்னும் ஒரே கல். அலுமினிய அணுக்களும் பிராணவாயு அணுக்களும் ஒரே ஒழுங்கில் அடுக்கப்பட்ட படிகம். கலப்பில்லாதிருந்தால் அதற்கு நிறமே கிடையாது. துளி குரோமியம் கலந்தால் சிவப்பு. அதற்கு மாணிக்கமென்று பெயர். துளி இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். இவ்வளவுதான் சங்கதி! அப்படியிருக்க, ஒரே கல் சிவந்திருந்தால் சூரியனும், நீலமாயிருந்தால் அவருக்கு மகனும் பகைவனுமென்று சொல்லப்படும் சனியும் குடியேறுவதெப்படி? கிரகங்கள் பார்ப்பது கல்லையா, சாயத்தையா? சாயமென்றால் ஒரு முழம் நீலத்துணி போதாதா?

இன்னொன்றும் கேட்கின்றோம். 1902-ல் பாரிஸில் வெர்னூய் என்பவர் அலுமினாத் தூளைச் சுடரில் உருக்கி மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்டார். அது கண்ணாடிப் போலியல்ல. அதே பொருள், அதே அணு அடுக்கு. சாவி கொடுக்கும் கைக்கடிகாரத்தில் ‘17 கல்’ என்று போட்டிருக்கின்றதே, அவை பெரும்பாலும் இப்படிச் செய்த மாணிக்கங்களே. ஒரு மாணிக்கத்துக்கே சூரிய கடாட்சம் உண்டென்றால், 17 மாணிக்கத்தைக் கையில் கட்டியவன் ஏன் கடன்பட்டு அலைகின்றான்? “பூமியில் விளைந்த கல்லுக்குத்தான் சக்தி” என்பார்களானால், அந்தச் சக்தி இருப்பது கல்லிலா, வியாபாரியின் விலைச்சீட்டிலா?

படிகத்தால் பலனே இல்லையென்று நாம் சொல்லவில்லை. பலன் அறிவைச் செலுத்துகின்றவனுக்கு உண்டு. 1913-ல் இங்கிலாந்தில் பிராக் என்னும் தகப்பனும் மகனும், எக்ஸ் கதிரைப் படிகத்தில் பாய்ச்சி, அடுப்பங்கரை உப்பிலும் வைரத்திலும் அணுக்கள் அடுக்கியிருக்கும் விதத்தைக் கண்டார்கள். அவ்வழியே சென்று டாரதி ஹாட்ஜ்கின் என்னும் பெண்மணி 1945-ல் பெனிசிலினின் அமைப்பையும், 1969-ல் நீரிழிவுக்காரர் உயிரைக் காக்கும் இன்சுலினின் அமைப்பையும் கண்டறிந்தார். இதற்கு ராகுகாலம் பார்க்கவில்லை, கிரகசாந்தி செய்யவில்லை.

படிகத்தை ஆராய்ந்தவர்கள் மருந்தின் அமைப்பைக் கண்டார்கள். விரலில் மாட்டிக்கொண்டவர்கள் கண்டது கடன் பத்திரம். மாட்டை விற்கப் புறப்படும் தோழரே, கயிற்றை அவிழ்க்குமுன் இதைச் சற்று யோசித்துப் பாரும்!