வீடு உங்களுடையது, நிலம் யாருடையது?

‘லீஸ்’ என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, பெருந்தொகையை முன்பணமாகக் கொடுத்துவிட்டு இரண்டு, மூன்று ஆண்டுகள் வாடகையின்றிக் குடியிருக்கும் ஏற்பாடுதான். ஆனால் நாட்டின் பல நகரங்களில், கடன் பெற்றுச் சொந்தமாக வீடு வாங்கியவர்களும் நீண்டகாலக் குத்தகை நிலத்தின் மீதே வாழ்கின்றனர். நொய்டாவில் குடியிருப்பு மனைகள் 90 ஆண்டுகளுக்கும், கொல்கத்தாவின் சால்ட் லேக் பகுதியில் 999 ஆண்டுகளுக்கும், நவி மும்பையில் 60 ஆண்டுகளுக்கும் குத்தகைக்கு விடப்பட்டன.

999 ஆண்டுகள் நம் கவலைக்கு அப்பாற்பட்டவை. 60 ஆண்டுகள் அப்படியல்ல. 1985இல் தொடங்கிய குத்தகை 2045இல் முடிவடையும். அந்த வீட்டை 2025இல் வாங்க முன்வருபவர் 20 ஆண்டுக் கடன் கேட்டால், கடனும் குத்தகையும் ஒரே ஆண்டில் முடியும். கடன் தீர்ந்த பிறகும் குத்தகையில் சில ஆண்டுகள் எஞ்சியிருக்க வேண்டுமென்று வங்கிகள் பொதுவாக எதிர்பார்க்கின்றன. ஆகவே கடன் காலம் 15 ஆண்டுகளாகக் குறுகலாம். 9 விழுக்காடு வட்டியில் 40 லட்சம் ரூபாய்க் கடனுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 36,000 ரூபாயிலிருந்து 40,600 ரூபாயாக உயரும். அந்தச் சுமையைத் தாங்க இயலாதவர் விலகிச் செல்வார். தாங்கக்கூடியவர் விலையைக் குறைத்துக் கேட்பார்.

எனவே குத்தகை நீட்டிப்பை, காலம் முடியும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைப்பது தவறு என்பதே என் கருத்து. “எழுபது வயதில், நான் வாழப்போகாத ஆண்டுகளுக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?” என்று ஒரு முதியவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அவர் கட்டுவது தாம் வாழும் ஆண்டுகளுக்காக மட்டும் அன்று. மருத்துவச் செலவுக்கோ பிள்ளைகளின் தேவைக்கோ வீட்டை விற்க நேர்ந்தால், உரிய விலை கிடைப்பதற்காகவும்தான்.

செலவு எவ்வளவு என்பதை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். நில உரிமையாளரான அமைப்புக்குச் செலுத்தும் நீட்டிப்புத் தொகை முதலாவது. இது பெரும்பாலும் நிலத்தின் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே அமைவதால், தாமதிக்கத் தாமதிக்கத் தொகை வளரக்கூடும். நிலுவையிலுள்ள நிலவாடகை, முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், வழக்குரைஞர் கட்டணம் ஆகியவை அடுத்தவை. முத்திரைத் தீர்வை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். மகாராஷ்டிரத்தில் 29 ஆண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகைக்குச் சந்தை மதிப்பின் 90 விழுக்காட்டின் மீது, விற்பனைப் பத்திரத்துக்குரிய வீதத்தில் தீர்வை கணக்கிடப்படுகிறது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குத்தகை பெரும்பாலும் வீட்டுவசதிச் சங்கத்தின் பெயரில் இருக்கும். அவ்வாறாயின் ஒருவர் மட்டும் விண்ணப்பித்துப் பயனில்லை. பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேற வேண்டும், செலவைப் பகிரும் முறையும் முடிவாக வேண்டும். வீடு அடமானத்தில் இருந்தால் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். இறுதியில் நீட்டிப்புப் பத்திரம் பதிவு செய்யப்பட வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவுப் பத்திரத்தால் மட்டுமே செல்லும் என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். அலுவலகத்தில் பெற்ற கட்டண இரசீது பத்திரமாகிவிடாது.

கடமை குடியிருப்போருக்கு மட்டும் உரியதன்று. பொது நிலத்துக்கு உரிய விலையைப் பொது அமைப்பு கேட்பதில் தவறில்லை. ஆனால் அந்த விலை எவ்வாறு கணக்கிடப்படுகிறது, எத்தனை நாட்களில் ஆணை கிடைக்கும் என்பவற்றை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். டில்லியில் 1992 முதல் குத்தகை வீடுகளை முழு உரிமையாக மாற்றிக்கொள்ள வழி செய்யப்பட்டது. விதி தெளிவாக இருந்தால் மக்கள் பணம் கட்டத் தயங்குவதில்லை. கணக்குத் தெரியாத கட்டணத்துக்கே அஞ்சுகின்றனர்.

வாசகர்கள் இந்த வாரமே தங்கள் பத்திரத்தை எடுத்து மூன்றைப் பார்க்கட்டும்: குத்தகை தொடங்கிய நாள், நீட்டிப்பு பற்றிய விதி, நிலவாடகை நிலுவை. புதிதாக வீடு வாங்குவோர் விலை பேசுவதற்கு முன்பே எஞ்சிய ஆண்டுகளைக் கேட்கட்டும். சதுர அடியைப் போலவே அவையும் வீட்டின் விலையில் ஒரு பகுதியே.