வராத மானியத்துக்குக் கைரேகை



சமையல் எரிவாயு மானியத்தை நேரடியாக வங்கிக் கணக்கில் செலுத்தும் ‘பஹல்’ திட்டம் 2015 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தபோது, ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கையும் கேஸ் இணைப்போடு சேர்க்கும் வேலை நுகர்வோர் தலையில் விழுந்தது. பணம் வந்துகொண்டிருந்ததால் அந்த அலைச்சலைப் பலர் பொறுத்துக்கொண்டனர். 2020ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து, ஏழைக் குடும்பப் பெண்களுக்கான உஜ்வலா இணைப்புகள் நீங்கலாக, பெங்களூரு போன்ற நகரங்களில் அந்த மானியம் வருவதே இல்லை. ஆயினும் இ-கேஒய்சி, அதாவது வாடிக்கையாளர் இன்னார்தான் என்பதைக் கைரேகையையோ முகத்தையோ ஆதாரோடு ஒப்பிட்டு உறுதிசெய்யும் முறை, மானியம் பெறாதவர்களிடமும் கேட்கப்படுகிறது. ஆதார் சட்டத்தின் 7ஆம் பிரிவு பேசுவது அரசின் தொகுப்பு நிதியிலிருந்து செலவிடப்படும் உதவிகளைப் பற்றியே; ஒரு ரூபாயும் வராத இணைப்புக்கு அது எப்படிப் பொருந்தும்?

போலி இணைப்புகளைக் களையவும், 14.2 கிலோ வீட்டு சிலிண்டர்கள் ஓட்டல்களுக்குப் போவதைத் தடுக்கவுமே இந்த ஏற்பாடு என்றும், இதற்குக் கெடு ஏதும் இல்லை, சிலிண்டர் கொண்டுவரும் ஊழியரே வீட்டில் பதிவுசெய்வார் என்றும் பெட்ரோலியத் துறை அமைச்சர் ஹர்தீப் சிங் புரி 2024 ஜூலையில் விளக்கினார். நோக்கத்தில் குறையில்லை. ஆனால் எங்கள் சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டைச் சுற்றிய சந்துகளில், மீன் அரிந்தும் சிமெண்டு குழைத்தும் ரேகை தேய்ந்த கட்டைவிரலை முந்தானையில் துடைத்துத் துடைத்துக் கேஸ் ஏஜென்சியின் கைரேகைக் கருவிக் கண்ணாடியில் வைத்தாலும் அது பதிவதில்லை. “நாளைக்கு வாங்க” என்ற வாய்ச்சொல்லோடு வேலை முடிந்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறாக, இணைப்புக்கு முன்பணம் கட்டியதன் அத்தாட்சியான எஸ்.வி. சீட்டை நுகர்வோர் ஆண்டுக்கணக்கில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இறந்துபோன தகப்பனார் பெயரிலுள்ள இணைப்பை மாற்றுவதென்றால் இறப்புச் சான்றிதழும் வாரிசுகளின் சம்மதக் கடிதமும் சேர வேண்டும். முப்பது ஆண்டுக்கு முந்தைய தாளை நுகர்வோரிடம் கேட்கும் ஏஜென்சிக்காரர்கள், நேற்றுப் பதியாத கைரேகைக்கு ஒரு துண்டுச் சீட்டுகூடத் தருவதில்லை.

ஆகவே ரேகை பதியாத ஒவ்வொரு முறையும் தேதியிட்ட சீட்டு தரப்பட வேண்டும், வேறு அடையாள அட்டை ஏற்கப்பட வேண்டும், அடையாளம் உறுதியாகும்வரை சிலிண்டர் புக்கிங் நிறுத்தப்படக் கூடாது என எண்ணெய் நிறுவனங்கள் எழுத்துமூலம் உத்தரவிட்டு, அதைக் கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் ஏஜென்சி வாசலில் ஒட்டச் செய்ய வேண்டும்.

– வாசகர் ஒருவர், சிவாஜிநகர், பெங்களூரு