பூட்டுக்குப் பெயர் கிடைத்தது, செய்தவருக்கு?

விடியலிலேயே அகரத்திலிருந்து திண்டுக்கல் பட்டறைக்குச் சைக்கிள் மிதிப்பார் அப்பா. பித்தளைத் தகட்டை வெட்டி, லீவர்களை ஒவ்வொன்றாக அரத்தால் ராவி, தன் சாவியைத் தவிர வேறெதற்கும் திறக்காத மாங்காய்ப் பூட்டு செய்வார். உருப்படிக் கூலி. காய்ச்சலில் படுத்தால் அந்த வாரம் கூலி இல்லை. ஆனாலும் எங்கள் பள்ளிக் கட்டணம் ஒருமுறையும் தவணை தப்பியதில்லை. அம்மா உடம்பு முடியாமல் கிடந்த மாதங்களில் சோறு வடித்து வைத்துவிட்டுத்தான் கிளம்புவார். அவர் விரல்களின் பித்தளை வாடை எந்தச் சோப்புக்கும் போகவில்லை. முத்தாலம்மன் திருவிழாவில் எங்களுக்குப் புதுத்துணி, அவருக்குத் துவைத்த பழைய வேட்டி.

2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால் அது காப்பது பொருளின் பெயரை. ராவிய கைக்கு அதனால் ஓய்வூதியம் வராது. அலிகார் பூட்டின் விலையோடு மோத முடியாமல் பட்டறைகள் குறைந்துவிட்டன. அப்பாவோடு வேலை பார்த்த சிலர் முதிய வயதிலும் அரம் பிடிக்கிறார்கள். அரசு அலுவலகங்களுக்கும் கோயில் உண்டியல்களுக்கும் திண்டுக்கல் பூட்டையே வாங்க அரசு ஆணையிட வேண்டும். தொழிலைக் கற்றுத்தரும் மூத்தவர்களுக்கு, அவர்கள் உயிரோடு இருக்கும்போதே, மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும்.