எது பித்தலாட்டம்?

இங்கிலாந்தில் 1934-ம் வருஷத்தில் "எவர்கிரீன்" என்ற சங்கீத டாக்கி ஒன்று வெளிவந்தது. 1930-ல் லண்டன் அடெல்பி கொட்டகையில் நடந்த நாடகத்தைத் தழுவி, விக்டர் சாவில் என்பவர் எடுத்தது. தாய், மகள் ஆகிய இரண்டு வேஷங்களையும் ஜெஸ்ஸி மாத்யூஸ் என்ற நடிகையே போட்டார். அவருடைய ஆட்டத்தையும் பாட்டையும் புகழ்ந்தவர்கள் அநேகர். நாம் பேச வந்தது கதையைப் பற்றியேயாகும்.

ஹாரியட் கிரீன் என்ற பேர்போன பாட்டுக்காரி ஒரு பிரபுவை மணக்க இருக்கிறாள். அவளுக்கு மணமாகாமலே பிறந்த பெண் குழந்தை ஒன்று உண்டு. அதற்குத் தகப்பனானவனே வந்து அவளை மிரட்டுகிறான். அவள் குழந்தையை ரகசியமாக வளர்க்க விட்டுவிட்டுத் தென்னாப்பிரிக்காவுக்கு ஓடிப்போகிறாள். வருஷங்கள் கழித்து மகள் பிழைப்புத் தேடிக் கொட்டகைக்கு வருகிறாள். முகம் அப்படியே தாயின் முகம். உடனே விளம்பரக்காரன், பழைய ஹாரியட்டே இளமை மாறாமல் திரும்பிவிட்டாள் என்று பறையடிக்கிறான். கிழவியாகியிருக்க வேண்டியவள் குமரியாக நிற்பது எப்படி என்று கேளாமல் ஊர் ஜனங்கள் கை தட்டுகிறார்கள். கடைசியில் அவளே மேடையில் வேஷத்தைக் களைந்து உண்மையைக் காட்டிவிடுகிறாள்.

மகள் செய்தது பித்தலாட்டம் என்று பெரிய மனிதர்கள் சொல்லுவார்கள். இருக்கட்டும். தாயை ஓட்டிய விஷயத்துக்கு என்ன பேர்?

குழந்தை பிறந்தது இருவரால். ஒருத்திக்கு நாடு கடந்த வாழ்வு. மற்றவனுக்கோ அதுவே வியாபாரம்! அவன் கையில் கத்தியுமில்லை, துப்பாக்கியுமில்லை. மானம் பெண்ணுக்கு மாத்திரமே உண்டு என்ற ஊராரின் எண்ணம் ஒன்றே அவனுடைய முதல். அந்த எண்ணம் இல்லையென்றால் அவன் மிரட்டல் காலணா பெறுமா?

இது வெறுங் கதையல்ல. அந்நாட்டில் 1926 வரையில், பெற்றோர் பின்னால் மணந்துகொண்டாலுங்கூட அத்தகைய குழந்தை சட்டப்படி முறையான பிள்ளையாக முடியாது. தகப்பன் உயில் எழுதாமல் செத்தால் அவன் சொத்தில் பங்கு கேட்கும் உரிமை 1969-ம் வருஷச் சட்டத்தால்தான் வந்தது. பாவமே அறியாத குழந்தைக்கு இந்தத் தண்டனை. தகப்பனுக்கு என்ன தண்டனை?

வேஷம் போட்ட மகள் தன் வேஷத்தைத் தானே கழற்றினாள். யோக்கிய வேஷம் போட்ட சமூகம் தன் வேஷத்தை எப்போது கழற்றியது? சட்டம் வந்து பிடித்து இழுத்த பிறகல்லவா?

ஆகையால், இப்படத்தைப் பார்க்க நேரும் தோழர்கள் பாட்டு நன்றாயிருந்தது என்று சொல்லி எழுந்து வந்துவிட வேண்டாம். மிரட்டியவன் கைக்கு ஆயுதம் கொடுத்தவர்கள் யார் என்பதைச் சற்று யோசித்துப் பார்க்கட்டும்.