மாலுமியின் பெற்றோர் யார் பொறுப்பில்?

"பையன் செயிலிங் போயிருக்கான். பதினெட்டு நாளா போன் இல்ல" என்று சொல்லியபடி எதிரே வந்து உட்காரும் தாய்க்கு என்ன பதில் சொல்வது? குடும்ப நல ஆலோசகர்களாகிய நாம் இந்தக் கேள்வியை இன்னும் சரியாக எடுத்துக்கொள்ளவில்லை. படைவீரர் குடும்பம் என்றதும் நம் நினைவுக்கு வருவது மனைவியும் பிள்ளைகளும்தான். பயிற்சிக் கையேடுகளும் அப்படித்தான் பழக்கியிருக்கின்றன. கடற்படையின் நடைமுறையோ மாறிவிட்டது. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபாத் திட்டத்தில் அக்னிவீரர் என்ற பெயரில் மாலுமியாகச் சேருபவருக்கு வயது பதினேழரை முதல் இருபத்தொன்று. மணமாகாதவராக இருக்க வேண்டும். நான்காண்டுப் பணி முடியும்வரை மணம் முடிக்கவும் கூடாது. மீறினால் வேலை போய்விடும் என்று கடற்படையின் ஆள்சேர்ப்பு அறிவிப்பிலேயே இருக்கிறது. ஆக, அந்த நான்காண்டும் அவருக்குக் குடும்பம் என்று இருப்பது அப்பாவும் அம்மாவும்தான்.

அவர்களோ கடற்படைக் குடியிருப்பில் இல்லை. சங்கரன்கோவிலிலோ, சாயல்குடியிலோ, பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமத்திலோ இருக்கிறார்கள்.

கடற்படைக்கென்று குடும்ப நல அமைப்பு இல்லாமல் இல்லை. 1986 முதல் கடற்படை மனைவியர் நலச் சங்கம் இயங்கிவருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் தன் பெயரில் இருந்த 'மனைவியர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு நலவாழ்வுச் சங்கமாகவும் ஆகியிருக்கிறது. நல்ல வேலை செய்கிறார்கள், குறை சொல்வதற்கில்லை. ஆனால் மும்பை, விசாகப்பட்டினம், கொச்சி, கார்வார் என்று கடற்படைத் தளம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அதன் கையும் எட்டும். கப்பல் கிளம்பிப்போன பிறகு குவார்ட்டர்ஸில் இருக்கும் மனைவிக்குப் பக்கத்து வீட்டிலேயே இன்னொரு மாலுமியின் மனைவி இருக்கிறார். செய்தி வாய்வழியாக வந்துவிடும். சாயல்குடித் தாய்க்கு அப்படி யாரும் இல்லை. தெருவில் இருக்கும் எல்லோரும் அவரிடம்தான் கேட்கிறார்கள்: "மகன் எங்க இருக்கான்?"

நாம் நம்பியிருக்கும் கோட்பாடும் மனைவியை வைத்து எழுதப்பட்டதே. பணிப்பிரிவின் உணர்வுச் சுழற்சி என்று வகுப்பறைகளில் சொல்லித்தருகிறோமே, அது 1987இல் கேத்லீன் வெஸ்டல் லோகன் அமெரிக்கக் கடற்படை மாலுமிகளின் மனைவியரைக் கவனித்து எழுதியது. ஏழு கட்டங்கள். ஆறாவது கட்டம், கணவன் திரும்பியதும் மணவாழ்வின் ஒப்பந்தத்தைத் திரும்பப் பேசிக்கொள்வது. பெற்றோருக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. கப்பல் கரைக்கு வந்தாலும் மகன் வீட்டுக்கு வருவதில்லை, பாரக்ஸுக்குத்தான் போகிறான். அக்னிவீரருக்கு ஆண்டுக்கு 30 நாள்தான் லீவு; ரயிலில் போகும் நாளும் கோயில் கொடைக்கு ஒதுக்கும் நாளும் அதற்குள் அடக்கம். மனைவிக்குப் பிரிவு என்பது வந்து வந்து போகும். பெற்றோருக்கு அது பிள்ளை வீட்டைவிட்டுப் போன நாளில் தொடங்குகிறது. கப்பல் புறப்படுவதும் திரும்புவதும் அதன் மேல் விழும் சின்ன அலைகள். அதனால் அந்த ஏழு கட்டப் படத்தைப் பெற்றோர் முன்னால் விரித்து வைக்காதீர்கள். 'எனக்கு மட்டும் ஏன் ஐந்தாவது கட்டம் வரவில்லை' என்று அதையும் ஒரு கவலையாக எடுத்துக்கொண்டு போவார்கள்.

பெற்றோருக்கு முதலில் தேவைப்படுவது ஆறுதல்கூட இல்லை. போன் வராததற்கு என்ன காரணம் என்கிற விளக்கம். நம் தோழர் ஒருவர் தன்னிடம் வந்த ஒரு தாயைப் பற்றி எழுதியிருந்தார். மகனுக்கு அனுப்பும் ஒவ்வொரு வாட்ஸப் செய்தியிலும் ஒற்றை டிக்கோடு நிற்கும் நேரத்தை அந்த அம்மா பால் கணக்கு நோட்டில் குறித்து வைத்திருக்கிறார். இரண்டாவது டிக் விழுந்த அன்றைக்கு ஒரு கோடு. நோட்டைப் பிடுங்கி வைக்காமல், தோழர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கடலில் சிக்னல் எப்படி இருக்கும் என்று ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார். செய்ய வேண்டியது அதுதான்.

கரையிலிருந்து சில பத்துக் கிலோமீட்டர் தாண்டினால் செல்போன் கோபுரம் எட்டாது. கப்பலில் செயற்கைக்கோள் தொடர்பு இருக்கும். அது முதலில் பணிக்கு, மிச்சம்தான் சொந்தப் பேச்சுக்கு. ரோந்தின் சில கட்டங்களில் அதையும் நிறுத்திவைப்பார்கள். கடற்படைத் தகவல்களை வெளியாருக்குக் கொடுத்த புகாரில் மாலுமிகள் சிலர் கைதானதை அடுத்து, 2019 டிசம்பரில் கப்பல்களிலும் தளங்களிலும் ஸ்மார்ட்போனுக்கும் ஃபேஸ்புக்குக்கும் தடை விதிக்கப்பட்டது. நீர்மூழ்கி என்றால் கதையே வேறு. ஆழத்தில் இருக்கும் நீர்மூழ்கிக்குச் செய்தி அனுப்பும் மிகத் தாழ் அதிர்வெண் நிலையம் நம் திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணத்தில்தான் இருக்கிறது, ஐஎன்எஸ் கட்டபொம்மன் என்ற பெயரில். அந்த அலை ஒருவழிப் பாதை. படகு கேட்டுக்கொள்ளலாம், அதே வழியில் பதில் சொல்ல முடியாது. இந்தச் சங்கதியைச் சொன்னதும் பெற்றோரின் முகம் தெளிவதை நீங்களே பார்ப்பீர்கள். போன் வரவில்லை என்பதற்கு 'மகன் மறந்துவிட்டான்', 'மகனுக்கு ஏதோ ஆகிவிட்டது' என்ற இரண்டு அர்த்தங்கள்தான் அதுவரை அவர்களுக்குத் தெரியும். மூன்றாவதாக ஒன்றும் உண்டு, பெரும்பாலும் அதுவே உண்மை என்று ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கப்பல் பெயர், போகிற துறைமுகம், திரும்பும் தேதி இவற்றை வீட்டார் ஸ்டேட்டஸில் போடக் கூடாது. "இன்று என் மகன் சலாலா புறப்படுகிறான்" என்று பெருமையாகப் போட்ட தகப்பனைக் கண்டித்துப் பயனில்லை. ஏன் கூடாது என்பதைப் புரியவைத்தால் அவரே அழித்துவிடுவார்.

வதந்தி இரவுகளுக்கென்று தனித் தயாரிப்பு வேண்டும். 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நாட்களில், ஐஎன்எஸ் விக்ராந்த் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கிவிட்டது என்று தொலைக்காட்சிகள் இரவு முழுக்க முழங்கின. அப்படி எதுவும் நடக்கவில்லை. வெற்றிச் செய்தியாகத்தான் சொன்னார்கள். கப்பலில் மகன் இருக்கும் வீட்டில் அது வேறு விதமாகக் கேட்டிருக்கும். 2024 மே மாத இறுதியில் செங்கடலில் அமெரிக்காவின் ஐசனோவர் விமானந்தாங்கிக் கப்பலைத் தாக்கிவிட்டதாக ஹூதிகள் அறிவித்தார்கள். அதுவும் பொய். ஆனால் அந்தக் கப்பலின் கேப்டன் கிறிஸ் ஹில், கப்பலில் நடக்கும் அன்றாடக் காட்சிகளையும் மாலுமிகளின் படங்களையும் சமூக வலைத்தளத்தில் தொடர்ந்து வெளியிட்டுவந்தவர். வீட்டில் இருப்பவர்களுக்கு நம்பிப் பார்க்க ஒரு இடம் இருந்தது. நம் கடற்படை இதை அப்படியே செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. பாதுகாப்புக் காரணங்கள் நாட்டுக்கு நாடு வேறு. ஆனால் நம்பிப் பார்க்க ஒரு இடம் பெற்றோருக்கு வேண்டும். இப்போதைக்கு அது கடற்படைச் செய்தித் தொடர்பாளரின் அதிகாரப்பூர்வப் பக்கம். அதைப் பெற்றோரின் போனில் நாமே எடுத்துக்கொடுத்து, டிவியை அணைக்கச் சொல்லலாம்.

அமெரிக்க ஏற்பாட்டில் நாம் உண்மையில் கவனிக்க வேண்டியது வேறொன்று. 1970இல் அட்மிரல் ஜும்வால்ட், கப்பலுக்கும் குடும்பங்களுக்கும் இடையே பேச ஒருவரை நியமிக்கும் முறையைக் கொண்டுவந்தார். ஆம்பட்ஸ்மன் என்று பெயர். கப்பல் தலைவர் நியமிக்கும் தன்னார்வலர். பெரும்பாலும் அதே கப்பலில் பணிபுரிபவரின் வாழ்க்கைத்துணை. தகவலை எடுத்துச் சொல்வதும், உதவி எங்கே கிடைக்கும் என்று வழிகாட்டுவதும் அவர் வேலை. அங்கும் மணமாகாத மாலுமியின் பெற்றோருக்குத் தகவல் போக வேண்டுமென்றால் மாலுமி அவர்கள் பெயரைக் கொடுத்திருக்க வேண்டும். பதின்பருவத்துப் பையன்கள் இதை மறக்கிறார்கள், அல்லது வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். ஜெரால்டு ஃபோர்டு கப்பல் 2023 மே முதல் 2024 ஜனவரி வரை எட்டு மாதத்துக்கும் மேல் வெளியே இருந்தது. திரும்பும் தேதி ஒரு தடவை அல்ல, பல தடவை தள்ளிப்போனது. தேதி தள்ளிப்போகும்போதெல்லாம் யாருக்கு முதலில் தெரிகிறது, யார் டிவி பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள் என்பதில்தான் பெற்றோரின் மனத்தாங்கல் தொடங்குகிறது.

வீட்டிலிருந்து கப்பலுக்குப் போக வேண்டிய அவசரச் செய்தி அடுத்த பிரச்சினை. தகப்பனுக்கு நெஞ்சுவலி, பாட்டி தவறிவிட்டார். அமெரிக்காவில் குடும்பத்தார் செஞ்சிலுவைச் சங்கத்தைக் கூப்பிட்டால், அவர்கள் மருத்துவமனையிடம் உறுதிசெய்துகொண்டு கப்பல் தலைமைக்குச் செய்தியைக் கொண்டுசேர்ப்பார்கள். லீவு தருவது தலைவர் முடிவு. நம் ஊரில் அப்படி ஒற்றை வாசல் பெற்றோருக்குத் தெரிந்த வகையில் இல்லை. மகன் லீவில் வந்திருக்கும்போதே ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதி வாங்கி ரேஷன் கார்டோடு வைக்கச் சொல்லுங்கள்: அவனுடைய பணி எண், பதவி, கப்பலின் பெயரும் ஃப்ளீட் மெயில் ஆபீஸ் முகவரியும், தளத்தில் அவன் பிரிவின் அலுவலகத் தொலைபேசி. இதைவிடப் பயனுள்ள ஆலோசனை வேறில்லை. இந்தத் தாள் இல்லாத வீட்டில் நெஞ்சுவலி வந்த இரவில் மகனின் நண்பனின் நண்பனைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. நம் கடலோர மாவட்டங்களில் "நேவியில இருக்கான்" என்றால் பாதிப் பேர் சொல்வது மர்ச்சண்ட் நேவியை. சரக்குக் கப்பல் மாலுமிக்குப் பொறுப்பு கப்பல் உரிமையாளரும் அனுப்பிவைத்த பதிவுபெற்ற ஏஜென்சியும். அங்கே கதவைத் தட்டும் வழி வேறு. முதல் கேள்வியாக இதைக் கேட்டுவிடுங்கள்.

இழப்பைப் பற்றிப் பேசாமல் இந்த உரையை முடிக்க முடியாது. 2024 ஜூலை 21 அன்று மும்பைத் தளத்தில் ஐஎன்எஸ் பிரம்மபுத்ரா தீப்பிடித்தது. ஒரு இளம் மாலுமியைக் காணவில்லை என்றார்கள். மூன்று நாள் கழித்துத்தான் உடல் கிடைத்தது. அந்த மூன்று நாள் ஒரு வீட்டில் எப்படிக் கழியும்? வியட்நாம் போரில் காணாமல்போன விமானிகளின் குடும்பங்களைப் பார்த்துத்தான் ஆய்வாளர் பாலின் பாஸ், தெளிவற்ற இழப்பு என்ற கருத்தை உருவாக்கினார். இருக்கிறானா இல்லையா என்று தெரியாத நிலையில் துக்கம்கூடத் தொடங்க முடியாது. அப்போது நம்மவர்கள் இரண்டு தவறு செய்கிறார்கள். ஒன்று, "நல்லதே நடக்கும்" என்பது. மற்றது, "மனசைத் தேத்திக்குங்க" என்பது. இரண்டும் அவர்களுக்குத் தெரியாத ஒன்றை நமக்குத் தெரிந்ததாகக் காட்டுவது. உடன் இருந்து, வருகிற போனை எடுத்துப் பேசி, வாசலில் நிற்கும் கேமராக்காரர்களைத் திருப்பி அனுப்பினால் போதும்.

பணத்தைப் பற்றியும் பெற்றோருக்குத் தெளிவில்லை. அக்னிவீரருக்கு 48 லட்ச ரூபாய் காப்பீடு உண்டு, பிரீமியம் கிடையாது. பணி காரணமாக இறந்தால் 44 லட்சம் கருணைத்தொகை தனி. ஓய்வூதியம் இல்லை. முதலாண்டுச் சம்பளம் 30,000 என்றாலும் கையில் வருவது 21,000. மிச்சம், பணி முடிவில் கிடைக்கும் சேவா நிதிக்குப் போகிறது. 30,000 வரும் என்று கணக்குப்போட்டு வீட்டுக்கடன் வாங்கிய தகப்பன்மாரை நாம் சந்தித்துக்கொண்டிருக்கிறோம். நாமினி விவரங்களை ஒரு தடவை சரிபார்க்கச் சொல்வது அபசகுனம் இல்லை என்பதையும் நாம்தான் சொல்ல வேண்டும்.

மனநலம். 2018இல் அமெரிக்காவின் நார்ஃபோக்கில் தற்கொலை செய்துகொண்ட ஒரு மாலுமியின் பெற்றோர் விடாமல் போராடி, 2021 டிசம்பரில் பிராண்டன் சட்டத்தைக் கொண்டுவரச் செய்தார்கள். மேலதிகாரியிடம் காரணம் சொல்லாமலே மனநல உதவி கேட்கலாம் என்பது அதன் சாரம். ஒரு தாயும் தகப்பனும் சேர்ந்து ஒரு கடற்படையின் நடைமுறையை மாற்றினார்கள். இங்கே டெலி மனாஸ் என்ற மனநல உதவி எண் 14416 இருக்கிறது. 2023 டிசம்பர் முதல் புணே ராணுவ மருத்துவக் கல்லூரியில் படையினருக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் என்று தனிப்பிரிவும் இயங்குகிறது. போனில் மகன் பேச்சு குறைந்துகொண்டே போவதை முதலில் கவனிப்பது தாய்தான். அவருக்கு இந்த எண் தெரிந்திருக்க வேண்டும்.

மகன் கடலில் இருக்கும்போது வரப்புத் தகராறு முற்றினால், 2025 ஜூலையில் தேசிய சட்டப்பணிகள் ஆணையம் தொடங்கிய வீர் பரிவார் சகாயதா திட்டத்தில் இலவச சட்ட உதவி கேட்கலாம். 15100 என்ற எண்ணில் விசாரிக்கலாம்.

2022 இறுதியில் ஒடிசாவின் சில்காவில் பயிற்சிக்குச் சேர்ந்து, 2023 மார்ச் 28இல் அணிவகுத்து வெளியேறிய அக்னிவீரர்களின் முதல் அணியில் சுமார் 2,600 பேர் இருந்தார்கள், பெண்களும் அதில் அடக்கம். அவர்களின் நான்காண்டு 2026 இறுதியில் முடிகிறது. நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள். மற்றவர்கள் வீடு திரும்புவார்கள். அவர்களுடைய பெற்றோரிடமிருந்து வேறு வகைக் கேள்விகள் நமக்கு வரும். அதற்கு முன், உங்கள் மாவட்டத்து முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு இந்த மாதமே ஒரு நடை போய்வாருங்கள். கடற்படையில் பணியாற்றும் பிள்ளைகளின் பெற்றோருக்கென்று ஒரு அரைநாள் கூட்டம் கேளுங்கள். பிள்ளைகள் லீவில் வரும் பொங்கல் வாரமாக இருந்தால் நல்லது. மேலே சொன்ன அந்த ஒற்றைத் தாளை அங்கேயே உட்காரவைத்து நிரப்பச் செய்யுங்கள்.